தவமணியின் சீர்ச் சாமான்கள்

கருப்பம்மாள் கடைக்குள் நுழைவதைப் பார்த்தாலே முகமது இப்ராஹிம் குடித்துக்கொண்டிருக்கும் டீயை ஓரமாக வைத்துவிடுவார். சீக்கிரத்தில் முடிகிற காரியமில்லை என்று அவருக்குத் தெரியும். அவள் சட்டியைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பாள். விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்பாள். கவிழ்த்து அடிப்பாகத்தைத் தடவுவாள். கைப்பிடியை ஆணி அடித்து முடுக்கியிருக்கிறார்களா, சும்மா ஒட்டவைத்திருக்கிறார்களா என்று வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். பளபளப்பை மட்டும் பார்க்கவே மாட்டாள்.

"மினுக்கு ரெண்டு தேய்ப்புக்குத் தாங்காது அண்ணே. கனந்தான் கூட வரும்" என்பாள்.

ஈப்போ புந்தோங்கில் அந்தப் பாத்திரக் கடைக்கு வரும் பெண்களில் பலர், அவள் எதை எடுக்கிறாள் என்று காத்திருந்து, அதையே தங்களுக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் புத்தி அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. செம்மோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். புருஷன் இராமசாமியும் அவளும், பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்த மகள் தவமணியும் ஒரு லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார்கள். புந்தோங் வாடகை வீட்டு வாசலில் இறக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் உருப்படியாக இல்லை. அலுமினியச் சட்டிகள் நசுங்கிப் போயிருந்தன. தகரப் பெட்டி வழியிலேயே வாய் பிளந்து, துணிமணி எல்லாம் ரோட்டுப் புழுதியில் கிடந்துவிட்டது. இத்தனை வருஷம் உழைத்துச் சேர்த்தது இவ்வளவுதானா என்று அன்று நடுத்தெருவில் நின்று அழுதாள். அதற்குப் பிறகு அவள் லேசான சாமான் எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை.

வாங்கியதைப் பேணுவதிலும் அப்படித்தான். தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவ யாரையும் விடமாட்டாள். ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவித்தான் வைப்பாள். மண்ணெண்ணெய் அடுப்பின் திரியை வாரம் தவறாமல் சீராக வெட்டுவாள். குடையை வெயிலில் காயவைத்தால் துணி இற்றுப்போகும் என்று நிழலில் விரித்து வைப்பாள். நகராட்சியில் ரோட்டு வேலை செய்த இராமசாமி சாப்பாட்டு அடுக்கை ஈரத்தோடு மூடிவைத்துவிட்டால், அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரு ஆட்டம் இருக்கும்.

எழுபத்தொன்பதில் தவமணிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை பெயர் அர்ச்சுனன். ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுதுபார்க்கும் வேலை. இராமசாமியோடு தோட்டத்தில் இருந்த பழைய கூட்டாளி ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான் என்றார் அவர். பையன் வந்தான். கூடத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி குடித்தான். கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான். காப்பிக் கோப்பை காலியாவதற்குள் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது.

சீர்ச் சாமான் வாங்கத்தான் கருப்பம்மாளுக்கு மாதக்கணக்கில் ஆனது. பித்தளைக் குடம், செம்பு, உள்ளே ஈயம் பூசிய பானை, இரும்புக் கடாய், விளிம்பில் எனாமல் உதிராத மங்குத் தட்டுகள் என்று ஒவ்வொன்றையும் தட்டித் தடவிப் பார்த்து எடுத்தாள். இப்ராஹிமின் கடையில் பித்தளைச் சாமான் எல்லாவற்றிலும் 'தவமணி' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். கடைசியாக, மேல் தட்டிலிருந்த ஒரு பூட்டைக் காட்டி எடுக்கச் சொன்னாள். கை நிறைய இருந்தது அது.

"சுத்தியல எடுத்து அடிச்சாலும் அசையாது தங்கச்சி. தாராளமா எடுத்துட்டுப் போ" என்றார் இப்ராஹிம்.

"தெரியாத ஊருக்குப் போற பிள்ளை அண்ணே. கதவாவது பத்திரமா இருக்கணும்ல" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

தலைத் தீபாவளிக்குத் தவமணியும் அர்ச்சுனனும் வந்தார்கள். மகள் கொஞ்சம் இளைத்திருந்தாள். அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவின் காதருகே வந்து பேசினாள்.

"அம்மா, அவரு என்னைய எங்கயும் விடுறதில்லம்மா. பக்கத்து வீட்டுல போயி பேசினாக்கூட ஏன் போனே, யாரு இருந்தான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அடிக்கிறாரா?"

"அடிக்கல. ஆனா கேட்டுக்கிட்டே இருக்காரும்மா. விடிய விடிய."

கருப்பம்மாள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "புதுக் கடாய் மொதல்ல அடிப்பிடிக்கத்தான் செய்யும். எண்ணெயைத் தடவித் தடவிப் பழக்கினா அப்புறம் நம்ம சொன்னபடி கேக்கும். பொறுத்துப் போ."

"தவமணி" என்று கூடத்திலிருந்து மெதுவாகக் கூப்பிட்டான் அர்ச்சுனன். கையில் ஒட்டியிருந்த மாவோடு அவள் ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் புந்தோங் பக்கம் வரவேயில்லை. அடுத்த பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்த இராமசாமி, "நல்லாத்தான் இருக்கா. வீட்டக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கா. உன் மகளாச்சே" என்றார். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான் என்றும் சொன்னார். கருப்பம்மாளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த தீபாவளிக்குத் தவமணிக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான் அர்ச்சுனன். அதையும் அவள் நம்பினாள்.

எண்பத்தொன்றில் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் காலை காய் வாங்கப் பாசாருக்குப் போய்க்கொண்டிருந்தவளை இப்ராஹிம் கடை வாசலில் நின்று கூப்பிட்டார். அவர் அப்படி எழுந்து வந்து கூப்பிடுகிற ஆளில்லை. உள்ளே அழைத்துப்போய், மேசைக்கு அடியிலிருந்து பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தாள். பித்தளைச் செம்பு. வயிற்றுப் பக்கம் 'தவமணி' என்று புள்ளி வைத்த பெயர்.

"இது எப்படி அண்ணே இங்க?"

"பழைய சாமான் எடுக்குற சீனர் ஒருத்தரு லோரியில அந்தப் பக்கமெல்லாம் போவாரு. பித்தளை கெடைச்சா எங்கிட்டத்தான் போடுவாரு. நேத்துக் கொண்டாந்தாரு."

"வித்துட்டாளா?"

"விக்கல தங்கச்சி. அதான் எனக்கு மனசே கேக்கல. ஒரு பொம்பள சன்னல் கம்பி வழியா இதக் குடுத்துச்சாம். காசு குடுத்தா வேணாம்னுச்சாம். ஈப்போ புந்தோங்கு, தமிழன் பாத்திரக் கடை, அங்க குடுங்கன்னு மலாய்ல திருப்பித் திருப்பிச் சொல்லுச்சாம். கதவத் தொறந்து வந்து குடேன்னு இவரு கேட்டிருக்காரு. வெளிய பூட்டியிருக்குன்னு சொல்லுச்சாம்."

கருப்பம்மாள் கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு ஒடுக்கு இல்லை. அன்று வாங்கியதைவிடப் பளிச்சென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து இராமசாமியிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "அது புருஷன் பொண்டாட்டி விவகாரம். நாம போயி நின்னா இன்னும் சூசாவா, பெரிய தொல்லையாப் போயிடும்லா. அடுத்த மாசம் லீவு எடுத்துட்டுப் போலாம்" என்றார்.

"நீங்க மெதுவா வாங்க. நான் இப்பப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த சேலையோடு பஸ் நிலையத்துக்குப் போனாள்.

தெலுக் ஆன்சனில் இறங்கி வேறு பஸ் பிடித்து அவள் ஹுத்தான் மெலிந்தாங் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து கருவாட்டு வாடை வந்தது. விசாரித்துப் போனால், கடைசி வரிசையில் ஒரு பலகை வீடு. வாசல் கதவில் அவள் வாங்கிக் கொடுத்த பூட்டுத் தொங்கியது.

"தவமணி!"

உள்ளே ஏதோ உருளுகிற சத்தம். பிறகு பக்கத்துச் சன்னலில் மகளின் முகம் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு மேடாக இருந்தது.

"செம்பக் குடுத்துட்டாராம்மா? நாலு பேருகிட்டக் கேட்டுப் பாத்தேம்மா. அந்தச் சீனரு ஒருத்தருதான் நின்னு கேட்டாரு."

"என்ன கோலம்டி இது? எத்தன மாசம்?"

"ஏழு முடியப் போகுது."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொல்ல விட்டாத்தானம்மா. காலைல பூட்டிட்டுப் போனா பொழுது சாஞ்சுதான் வாராரு. ஒருநா படகு ரிப்பேருன்னு கடலுக்குள்ள போயிட்டாரு. ரெண்டு நாளு வரல. எனக்கு வயித்துல சுருக்குச் சுருக்குன்னு இழுத்துச்சு. கத்தினேன். வலி வந்தா யாரும்மா கதவத் தொறப்பா? அன்னைக்குத்தான் இனிமே இங்க இருக்கக் கூடாதுன்னு நெனைச்சேன்."

கருப்பம்மாள் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டில் அடித்தாள். பூட்டுத் துள்ளித் துள்ளி விழுந்ததே தவிர அசையவில்லை. ஓங்கி ஓங்கி அடித்தாள். கல்தான் பிளந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கதவில் பதித்திருந்த இரும்புப் பட்டையும் அப்படித்தான், உள்பக்கம்வரை துளைத்து முடுக்கியிருந்தான். இன்ஜின்காரன் வேலை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து இருளாயி என்ற பெண் வந்தாள். கருப்பம்மாளைவிடச் சின்னவள். சற்றுத் தள்ளியே நின்றாள்.

"அவரு வந்தா சண்டைக்கு வருவாருக்கா" என்றாள்.

"நீ பக்கத்துலதானே இருக்கே? ஒரு புள்ளத்தாச்சிய வச்சுப் பூட்டிட்டுப் போறானே, பாத்துக்கிட்டா இருந்தே?"

இருளாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மத்த எல்லாத்துலயும் தங்கமான மனுசன்க்கா. ஊருக்கெல்லாம் சும்மா ரிப்பேரு செஞ்சு குடுப்பாரு. நாங்க என்னத்தச் சொல்றது?"

கருப்பம்மாள் கிழிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பலகை வீட்டில் பிறந்து, பலகை வீட்டில் பிள்ளை பெற்றவள் அவள். கடல் காற்றுப்பட்ட பலகை எங்கே முதலில் இற்றுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். தரையோடு ஒட்டியிருந்த பலகைகளைக் காலால் உதைத்துப் பார்த்தாள். ஒன்று பொதபொதவென்று உள்வாங்கியது.

"ஒரு கடப்பாரை இருந்தா குடு" என்றாள் இருளாயியிடம்.

இருளாயி நின்றாள். பிறகு ஓடிப்போய் எடுத்துவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல், தானும் ஒரு பக்கம் பிடித்து நெம்பினாள். ஆணி கிரீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தது. ஒரு பலகை, இன்னொரு பலகை. பிள்ளைத்தாய்ச்சி நுழைகிற அளவுக்கு வழி விழுந்தபோது, கருப்பம்மாள் முதலில் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

அடுப்படி. அவள் கொடுத்தனுப்பிய சாமான் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது. குடம், பானை, தட்டு எல்லாம் பார்க்கிறவர் முகம் தெரிகிற மாதிரி மின்னின. கடாயின் அடியில்கூடக் கரி இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு அடுப்படியை அவள் எங்கும் பார்த்ததில்லை.

"இதெல்லாம்..."

"வேற என்னம்மா வேலை எனக்கு? இதுங்களத்தான் தேச்சுக்கிட்டுக் கெடப்பேன். தேச்சு முடிஞ்சா மறுபடியும் மொதல்லேர்ந்து தேப்பேன்."

மகளைத் தாங்கி வெளியே கொண்டுவந்தாள். வெளிச்சத்தில் தவமணிக்குக் கண் கூசியது. கருப்பம்மாள் பழக்கதோஷத்தில் திரும்ப உள்ளே கையை நீட்டிக் குடத்தைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம்மா. ஒண்ணும் எடுக்காதே" என்றாள் தவமணி. "என்னைய மட்டும் கூட்டிட்டுப் போ."

குடத்தை விட்டாள்.

வழித்துணைக்கு இருளாயியும் வந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்துக்கு அர்ச்சுனன் வந்துவிட்டான். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிதானமாக நடந்துவந்தான். முகத்தில் கோபமே இல்லை. சிரிப்புகூட இருந்தது.

"வாங்க அத்தை. வர்றேன்னு சொல்லியிருந்தா கோழி வாங்கியிருப்பேனே. வெயில்ல அவள ஏன் நிக்க வச்சிருக்கீங்க? தவமணி, வீட்டுக்குப் போலாம்."

தவமணி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனாள்.

"பூட்டியா வச்சிருந்தே என் மகளை?"

"பாதுகாப்புக்குத்தான் அத்தை. ஊரு கெட்டுக் கெடக்கு, கண்டவன் எல்லாம் வாரான் போறான். கதவு பத்திரமா இருக்கணும்னு நீங்கதானே நல்ல பூட்டாப் பாத்து வாங்கிக் குடுத்தீங்க?"

கருப்பம்மாள் தன் கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவன் எட்டித் தவமணியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். அவள் கத்தவில்லை. ஏங்கி ஒரு மூச்சு விட்டாள். அந்தச் சத்தம்தான் கருப்பம்மாளை உசுப்பியது.

"பாருங்க எல்லாரும்!" என்று தோட்டத்துக் காட்டில் ரப்பர் மர நிரை தாண்டிக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள். "ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சிய ஆடு மாடு மாதிரி உள்ள வச்சுப் பூட்டினவன் இவன்தான்! சுவத்த ஒடைச்சுத்தான் என் மகள வெளிய எடுத்தேன்! சந்தேகமா இருந்தா போயிப் பாருங்க!"

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். மீன் கூடையோடு போன மலாய்ப் பெண் நின்றாள். "உண்மதான். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் இருளாயி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். ஊரில் நல்ல பெயரை அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்துவைத்தவன் அர்ச்சுனன். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். பிடித்திருந்த கையை மெதுவாக விட்டான்.

"அத்தைக்கு வெயில் ஒத்துக்கல போல" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தான். பஸ் புறப்படும்வரை அங்கேயே நின்று, கையை வேறு ஆட்டினான்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. புந்தோங்கில் இராமசாமி மகளைப் பார்த்துக் கண் கலங்கினார்தான். ஆனாலும் மறுநாளே, "கட்டிக் குடுத்த பொண்ண வச்சுக்கிட்டு இருந்தா ஊரு என்ன பேசும்? பிரசவத்துக்கு வந்ததா இருக்கட்டும். அப்புறம் அனுப்பி வச்சிரணும்" என்றார். கருப்பம்மாள் அதற்கும் சண்டை போட்டாள். வீட்டில் பேச்சு நின்றுபோனது.

தவமணியோ எந்த அறையிலும் கதவை மூடவிடமாட்டாள். குளிக்கும்போதுகூடக் கதவு திறந்திருக்க வேண்டும், அம்மா வாசலில் காவல் நிற்க வேண்டும். யாராவது கதவைச் சாத்தினால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து திறப்பாள். இராமசாமி முதலில் முணுமுணுத்தார். பிறகு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து அர்ச்சுனன் பெரியவர்கள் இரண்டு பேரோடு வந்தான். பழம், பூ, வெற்றிலை எல்லாம் தட்டில் இருந்தது. இனிமேல் பூட்டமாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பெண் பார்க்க வந்த அன்று காப்பி குடித்துக்கொண்டு பேசிய அதே குரல். பெரியவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

"அப்புறம் என்ன இராமசாமி? பிள்ளை பொறக்குற நேரம். அது தன் அப்பன் வீட்டுலதான் பொறக்கணும், பொண்ண அனுப்பி வை" என்றார் ஒருவர்.

இராமசாமி வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். பின்வாசலைத் திரும்பிப் பார்த்தார். தவமணி ஒரு கால் வெளியேயும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றுகொண்டிருந்தாள், ஓடத் தயாராக நிற்கிற மாதிரி.

"நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார். இந்தக் கல்யாண விஷயத்தில் அவர் மகளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"நான் போகலப்பா."

இராமசாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு தட்டை எடுத்துப் பெரியவர்கள் பக்கமாக நகர்த்திவைத்தார். "கேட்டீங்கல்ல. அவ்வளவுதான். காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அர்ச்சுனன் காப்பியைத் தொடவில்லை.

ஈப்போ பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சீர்ச் சாமான் எல்லாம் ஹுத்தான் மெலிந்தாங்கிலேயே கிடந்தது. போய்க் கேட்டு வாங்கி வா, பேர் வெட்டியிருக்கிறதே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சமைக்கும்போது சில நேரம் அந்தக் கடாயின் நினைப்பு கருப்பம்மாளுக்கு வரும். ஆனால் போகவில்லை.

ஒருநாள் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதில் அம்மாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது. வார்த்தை தடித்தபோது தவமணி, "பொறுத்துப் போன்னு நீதானம்மா அன்னைக்குச் சொன்னே" என்று சொல்லிவிட்டாள். கருப்பம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். தவமணியும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து துணி மடித்தார்கள். ஆனாலும் அது அவர்களுக்கு நடுவில் இருந்தது, அன்றும் அதற்குப் பிறகும்.

தவமணி துணி தைக்கிற ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் பாசாரிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் தொட்டி வாங்கிவந்தாள். காகிதம் மாதிரி மெல்லிசு. விளிம்பை அழுத்தினால் வளைந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள் கருப்பம்மாள். வெந்நீர் விளாவி, பேத்தியை அதில் உட்கார வைத்தாள்.

மறுநாள் காலை தவமணி வேலைக்குக் கிளம்பியபோது, இராமசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஃபேக்டரி பஸ் வருகிற முனைவரைக்கும் கூடவே நடந்தார். போன வாரம் அந்த முனையில் அர்ச்சுனன் மோட்டார் சைக்கிளோடு நின்றதைத் தெருவில் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். பஸ் வந்து, மகள் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றார்.